மிதக்கும் செடிகள் முதலில் ஏன் அழுகுகின்றன, அப்புறம் ஏன் அடங்குவதில்லை?

கேள்வி: இரண்டடி நீளமுள்ள மீன் தொட்டியில் ஆகாயத்தாமரையும் அமேசான் ஃபிராக்பிட்டும் வாங்கி விட்டேன். இரண்டே வாரத்தில் இலைகள் கண்ணாடி போலாகி அழுகிவிட்டன. கூடவே ஒட்டிக்கொண்டு வந்த டக்வீட் என்ற பொடி இலை மிதவைச் செடி மட்டும் தொட்டி முழுக்கப் பரவிவிட்டது. வீட்டுக்கு வெளியே சிறிய சிமெண்ட் குளம் ஒன்றும் இருக்கிறது. அதிலும் மிதக்கும் செடி விட ஆசை. எங்கே தவறினேன்? எதை வளர்க்கலாம், எப்படிக் கட்டுக்குள் வைப்பது?

பதில்:

உங்களுக்கு நடந்தது அநேகமாக எல்லோருக்கும் நடப்பதுதான். முதல் இரண்டு வாரம் "இந்தச் செடி பிழைக்குமா" என்று கவலைப்படுவோம். மூன்றாவது மாதம் "இதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது" என்று கவலைப்படுவோம். இரண்டும் வேறு வேறு பிரச்சினை மாதிரித் தெரியும். ஆனால் இரண்டுக்கும் காரணம் ஒன்று: இந்தச் செடிகளின் இலை காற்றில் வாழ்கிறது, வேர் தண்ணீரில் வாழ்கிறது.

நீருக்குள் வளரும் செடிக்குப் பெரிய தலைவலி கார்பன் டை ஆக்சைடு. காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் அந்த வாயு சுமார் 10,000 மடங்கு மெதுவாகத்தான் பரவும். அதனால்தான் நீருக்குள் செடி வளர்ப்பவர்கள் சிலிண்டர் வாங்கி, குழாய் போட்டு, குமிழி எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மிதக்கும் செடிக்கு அந்தக் கவலையே கிடையாது. தலைக்கு மேலே முழு வளிமண்டலமும் இருக்கிறது. வெளிச்சமும் அதற்குத்தான் முதலில் கிடைக்கும். மிச்சம் இருந்தால்தான் கீழே உள்ளவற்றுக்கு. மண்ணும் வேண்டாம். அதற்கு வேண்டியதெல்லாம் தண்ணீரில் கரைந்திருக்கும் சத்து மட்டுமே. மீன் கழிவு இருக்கும்வரை அதற்கும் பஞ்சமில்லை. இதனால்தான் பிடித்துக்கொண்ட பிறகு அடங்காது.

அதன் பலவீனமும் இங்கேயேதான் இருக்கிறது. காற்றுக்காகவே அமைந்த இலை அது. பெரும்பாலான மிதக்கும் இலைகளில் சுவாசத் துளைகள் மேற்பக்கத்தில் இருக்கின்றன. அந்த மேற்பக்கம் நாள் கணக்கில் ஈரமாகவே இருந்தால் இலை மூச்சுத் திணறி அழுகும். ஆகாயத்தாமரை இலையைத் தடவிப் பார்த்தால் வெல்வெட் போல இருக்குமே, அந்தப் பொடி மயிர்கள் அழகுக்காக இல்லை. தண்ணீரை உருட்டித் தள்ளுவதற்காக. சால்வினியா என்ற இன்னொரு மிதக்கும் செடி இந்த விஷயத்தில் கெட்டிக்காரச் செடி. சால்வினியா மொலெஸ்டா என்ற இனத்தின் இலை மயிர்களை லென்ஸ் வைத்துப் பார்த்தால் முட்டை அடிக்கும் கம்பிக் கரண்டியின் வடிவத்தில் இருக்கும். மயிர் முழுதும் தண்ணீரை ஒட்டவிடாது. நுனி மட்டும் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். அதனால் இலையை அமுக்கினாலும் நடுவில் ஒரு காற்றுப் படலம் அப்படியே நிற்கும். 2010ல் ஆய்வாளர்கள் இதை விளக்கியபோது அதற்கு "சால்வினியா விளைவு" என்றே பெயர் வைத்தார்கள். கப்பலின் அடிப்பகுதிக்கு இப்படி ஒரு பூச்சு கொடுத்து உராய்வைக் குறைக்க முடியுமா என்று பார்க்கும் அளவுக்குப் போயிருக்கிறது அந்த ஆராய்ச்சி.

சரி, உங்கள் தொட்டிக்கு வருவோம். ஒரு துப்பு நீங்களே கொடுத்திருக்கிறீர்கள்: டக்வீட் செழித்திருக்கிறது. அப்படியென்றால் வெளிச்சம் போதுமானது, சத்தும் ஓரளவு இருக்கிறது, தண்ணீரில் விஷமும் இல்லை. ஆகவே "உரம் போடவில்லையே" என்று யோசிக்க வேண்டாம். இலை கண்ணாடி போல ஆவது பெரும்பாலும் ஈரத்தால் வருவது. மூன்று இடங்களைப் பாருங்கள். முதலில் ஃபில்டர். பின்பக்கம் தொங்கவிடும் ஃபில்டரிலிருந்து தண்ணீர் அருவி போல விழுந்தால், செடி அதன் அடியில் போய் முங்கும், சுழன்று வெளியே வரும், மறுபடி முங்கும். ஏர் ஸ்டோன் குமிழிகள் மேலே வெடித்துத் தெறிப்பதும் இதே வேலையைச் செய்யும். இரண்டாவது மூடி. கண்ணாடி மூடியைப் பொருத்தமாக மூடியிருந்தால் அதன் அடியில் நீர்த்துளி கோத்து, சொட்டுச் சொட்டாக இலை மேல் விழுந்துகொண்டே இருக்கும். மூன்றாவது விளக்கு. தண்ணீர் மட்டத்துக்கு ஒட்டினாற்போல வைத்த பல்பின் சூடு இலையைக் கருக்கும். ஆனால் அப்படி நடந்தால் இலை பழுப்பாகிக் காயுமே தவிர கண்ணாடி போல ஆகாது. எனவே என் சந்தேகம் முதல் இரண்டின் மேல்தான்.

டக்வீட் இதே ஈரத்தில் எப்படித் தப்பியது என்று கேட்கலாம். அதன் இலை சில மில்லிமீட்டர்தான். முங்கினால் உடனே மேலே வந்துவிடும். அதோடு ஒரு இலை அழுகுவதற்குள் இரண்டு இலை புதிதாக வந்துவிடும். அவ்வளவுதான் அதன் ரகசியம்.

இதற்கெல்லாம் நான் பார்த்தவரையில் ஏர் ட்யூப் வளையத்தை மிஞ்சிய மருந்து இல்லை. ஏர் பம்புக்குப் பயன்படும் அதே மெல்லிய குழாயை ஒரு முழம் வெட்டி, இரண்டு முனையையும் ஒரு சிறு கனெக்டரால் இணைத்தால் மிதக்கும் வளையம் தயார். உள்ளே தண்ணீர் புகாமல் இணைக்க வேண்டும், இல்லாவிட்டால் அமிழ்ந்துவிடும். சக்ஷன் கப் ஒன்றால் ஃபில்டருக்கு எதிர் மூலையில் நிறுத்திவிட்டால், வளையத்துக்குள் தண்ணீர் அசையாமல் இருக்கும், செடியும் அங்கேயே இருக்கும். மாற்றியும் செய்யலாம்: வளையத்தைக் காலியாக வைத்து, செடிகளை வெளியே விட்டால் மீனுக்குத் தீனி போடவும் வெளிச்சம் கீழே இறங்கவும் ஒரு ஜன்னல் கிடைக்கும். மூடியை ஒரு பக்கம் இரண்டு விரல் அளவு திறந்து வையுங்கள். மீன் குதிக்கும் என்று பயந்தால் மூடிக்குப் பதில் வலை போடுங்கள். ஃபில்டர் வாயில் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டைச் செருகினால் அருவி ஓடையாகிவிடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். புதிதாக வாங்கிய செடியில் பழைய இலைகள் கொஞ்சம் அழுகுவது இயல்பு. நர்சரியில் திறந்த வெளியில், நிறைய உரத்தில் வளர்ந்த இலை அது. தொட்டியின் வெளிச்சத்துக்காக அமைந்ததல்ல. பழைய இலையைப் பார்த்து மனம் உடையக் கூடாது, நடுக்குருத்தைப் பார்க்க வேண்டும். குருத்து பச்சையாக, கெட்டியாக இருந்தால் அழுகிய இலைகளைக் கிள்ளிப்போட்டுவிட்டுக் காத்திருங்கள். புது இலை முன்பைவிடச் சின்னதாக வரும். ஆகாயத்தாமரை வாங்கும்போது உள்ளங்கை அளவு இருந்தது, தொட்டிக்குள் வந்தபின் ரூபாய் நாணயம் மாதிரி ஆகிவிட்டது என்று பலர் வருந்துவார்கள். குறைந்த வெளிச்சத்திலும் தாழ்ந்த மூடிக்கு அடியிலும் அது அப்படித்தான் வளரும். நோய் இல்லை.

வாங்கிய அன்றே தொட்டியில் போடுவதுதான் உங்களுடைய இன்னொரு தவறு. டக்வீட் அப்படித்தான் உள்ளே வந்தது. ஆகாயத்தாமரையின் வேர்க்கற்றைக்குள் ஓர் ஊரே குடியிருக்கும்: நத்தை முட்டை, ஹைட்ரா என்ற நுண்ணிய நீர்ப்பிராணி, தும்பியின் இளம்புழு, டக்வீட். தும்பிப் புழு குட்டி மீன்களைப் பிடித்துத் தின்னும். ஒன்று இருந்தாலும் குஞ்சுகள் தினம் ஒன்றாகக் காணாமல் போகும். செடியை ஒரு வாளித் தண்ணீரில் தலைகீழாக ஆட்டி அலசுங்கள். பொட்டாசியம் பெர்மாங்கனேட் இருந்தால் லிட்டருக்கு 10 மில்லிகிராம் கணக்கில் கரைத்து, பத்து நிமிடம் வைத்து எடுத்து நன்றாகக் கழுவலாம். பூச்சிகளை ஒழிக்க அது நல்லது; நத்தை முட்டைக்கு முழு உத்தரவாதம் இல்லை. ஆகவே வெளிச்சமான இடத்தில் தனி வாளியில் இரண்டு வாரம் வைத்திருப்பதுதான் நம்பகமான வழி. முட்டை பொரிந்தால் கண்ணுக்குத் தெரியும். நர்சரியில் பூச்சிமருந்து அடித்திருந்தால் அதுவும் தண்ணீர் மாற்ற மாற்றக் குறையும். தொட்டியில் இறால் வளர்ப்பவர்கள் இந்தப் படியைத் தாண்டவே கூடாது.

விடும்போது ஆகாயத்தாமரை தானாக நிமிர்ந்துகொள்ளும். ஃபிராக்பிட்டையும் சால்வினியாவையும் கொத்தாக அள்ளிப்போட்டால் பாதி கவிழ்ந்து கிடக்கும். ஒவ்வொன்றாகத் திருப்பி வைக்கும் பொறுமை வேண்டும்.

எதை வளர்ப்பது என்பதற்கு முன்னால் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஆகாயத்தாமரை என்று பலர் ஊதாப்பூ பூக்கும், காம்பு பலூன் போல உப்பியிருக்கும் செடியையும் சொல்கிறார்கள். அது வெங்காயத்தாமரை, ஈழத்தமிழில் ஆற்றுவாழை. ஆகாயத்தாமரை என்பது வெளிர் பச்சையில் ரோஜா இதழடுக்குப் போல விரியும் பிஸ்டியா. சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்தது. சேம்பைப் போலவே அதிலும் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் உண்டு. வேடிக்கை என்னவென்றால் டக்வீட்டும் அதே சேம்புக் குடும்பம்தான். யானைக்காது அளவு இலை விடும் சேம்பும், குண்டூசித் தலையைவிடச் சிறிய வுல்ஃபியாவும் சொந்தக்காரர்கள். வுல்ஃபியாதான் உலகத்தின் மிகச் சிறிய பூக்கும் தாவரம். தாமரையும் அல்லியும் இந்தக் கூட்டத்தில் சேராது; அவற்றின் இலைதான் மிதக்கிறது, கிழங்கு சேற்றில் இருக்கிறது.

இரண்டடித் தொட்டிக்கு என் தேர்வு ஃபிராக்பிட். வேர் நீளமாகத் தொங்கும், மீன்களுக்கு நல்ல மறைவிடம், கையால் எடுப்பதும் சுலபம். இலையின் அடியில் பஞ்சுபோல ஒரு காற்றறை இருக்கும், அதுதான் அதன் படகு. சால்வினியாவின் சிறிய இனங்கள் எதையும் தாங்கும் ஆசாமிகள். முதல்முறை வளர்ப்பவருக்கு அதையே கொடுப்பேன். அது பெரணி வகை. கீழே வேர் போலத் தொங்குவது வேர் இல்லை, உருமாறிய இலை. ரெட் ரூட் ஃப்ளோட்டர் என்று ஒன்று இருக்கிறது, இலையும் வேரும் சிவக்கும், பார்க்க அத்தனை அழகு. நம் நெல்லியும் கீழாநெல்லியும் சேர்ந்திருக்கும் ஃபிலாந்தஸ் பேரினம்தான் அதுவும். ஆனால் வெளிச்சம் பலமாக வேண்டும், தண்ணீர் அசையவே கூடாது. இப்போதைக்கு உங்களுக்கு வேண்டாம். ஆகாயத்தாமரை தொட்டியில் வளரும். ஆனால் மூடியில்லாத தொட்டியில்தான் அது சந்தோஷமாக இருக்கும். வெங்காயத்தாமரையைத் தொட்டிக்குள் வைப்பது ஒட்டகத்தைக் கூடாரத்துக்குள் விடுவது மாதிரி.

அசோலா என்ற மிதக்கும் செடி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் அதைத் "தண்ணீரைச் சுத்தம் செய்யும்" என்று விடுகிறார்கள். அசோலாவின் இலைக்குள் நீலப்பச்சைப் பாசி ஒன்று குடியிருந்து காற்றிலுள்ள நைட்ரஜனை அதற்குப் பிடித்துக் கொடுக்கிறது. சொந்தமாக நைட்ரஜன் வருமானம் உள்ள செடி மீன் கழிவிலிருந்து உங்கள் தொட்டியில் சேரும் நைட்ரேட்டை மற்றவை போல ஆர்வமாக ஏன் உறிஞ்சப் போகிறது? மாட்டுக்கும் கோழிக்கும் தீவனமாக, வயலுக்கு உரமாக அது அருமையான செடி. நைட்ரேட் குறைக்க வேண்டுமென்றால் மற்ற எதுவும் அதைவிட மேல்.

உரம் பற்றி. இவற்றுக்கு மண்ணில்லை, எனவே வேருக்கடியில் வைக்கும் உர மாத்திரையால் பயனில்லை, திரவ உரம்தான். ஆனால் மீன் இருக்கும் தொட்டியில் நைட்ரஜனுக்கும் பாஸ்பரசுக்கும் மீன் தீனியே போதும். அம்மோனியம் கிடைத்தால் நைட்ரேட்டைத் தொடுமுன் அதைத்தான் முதலில் எடுத்துக்கொள்ளும், அதனால் புதுத் தொட்டியின் ஆபத்தான முதல் வாரங்களில் இவை உண்மையாகவே உதவும். பெரும்பாலும் குறைவது இரும்பும் பொட்டாசியமும். நிறம் பார்த்துச் சொல்லிவிடலாம். பழைய இலைகள் முதலில் மஞ்சளானால் நைட்ரஜன் பசி. புது இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்பு. பழைய இலையின் ஓரம் மஞ்சளாகி, ஊசி குத்தியது போல ஓட்டை விழுந்தால் பொட்டாசியம். நீருக்குள் வளரும் செடி வெளுத்தால் கார்பன் குறைவா சத்துக் குறைவா என்று சொல்வது கடினம். மிதக்கும் செடிக்குக் கார்பன் குறைவு வராது. ஆகவே அது வெளுத்தால் தண்ணீரில் சத்துக் குறைகிறது என்று தைரியமாகச் சொல்லலாம். டெஸ்ட் கிட் வாங்கப் போகுமுன் நான் மேற்பரப்பைத்தான் பார்ப்பேன். நைட்ரேட் 5 முதல் 20 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) வரை இருந்தால் மீனும் செடியும் சமாதானமாக இருக்கும். விளக்கு எட்டு மணி நேரம் போதும்.

இனி கட்டுப்படுத்துவது. இதுதான் வளர்ப்பின் பெரும்பகுதி. மிதக்கும் செடி தண்ணீரைச் சுத்தம் செய்கிறது என்று சொல்வது பாதி உண்மை. அது நைட்ரேட்டைத் தன் உடம்புக்குள் எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அந்த உடம்பை நீங்கள் தொட்டியைவிட்டு வெளியே எடுத்தால்தான் நைட்ரேட் வெளியே போகும். எடுக்காமல் விட்டால் அடியிலுள்ள இலை அழுகி, வாங்கியதையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிடும். வாரம் ஒரு முறை தண்ணீர் மாற்றும்போதே மூன்றில் ஒரு பங்கை அள்ளிவிடுங்கள். பழைய, பெரிய, வேர் சிக்கிய செடிகளை எடுத்து, சின்னஞ்சிறு கன்றுகளை விட வேண்டும். எல்லோரும் செய்வது இதற்கு நேர்மாறு. பெரிதாக இருப்பது அழகாக இருக்கிறது என்று அதையே வைத்துக்கொள்வார்கள்.

மேற்பரப்பில் பாதியாவது திறந்திருக்க வேண்டும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு முறை பத்து நாள் வெளியூர் போய்வந்தபோது ஆகாயத்தாமரை தொட்டியை விளிம்போடு விளிம்பாக மூடியிருந்தது. ஏர் பம்ப் எப்போதோ நின்றுபோயிருக்கிறது. பெரிய மீன்கள் எல்லாம் போய்விட்டன. இரண்டு கௌராமி மட்டும் இலை இடுக்கில் மூக்கை நீட்டிக்கொண்டு உயிரோடு இருந்தன. இவ்வளவு பச்சை இருந்தும் ஆக்சிஜன் எப்படிப் போயிற்று என்று அப்போது புரியவில்லை. இந்த இலை ஆக்சிஜனைக் காற்றில்தான் விடுகிறது, தண்ணீரில் இல்லை. வேரோ இரவும் பகலும் தண்ணீரிலிருந்து ஆக்சிஜனை எடுக்கிறது. கீழே இருக்கும் செடிகளுக்கு வெளிச்சம் போகாததால் அவையும் ஆக்சிஜன் தயாரிப்பதில்லை. காற்று தண்ணீரில் கரையும் இடமே மேற்பரப்புதான். அதற்குத்தான் மூடி போட்டாயிற்று. கௌராமியும் பைட்டர் மீனும் காற்றை நேரடியாக மூச்சு விடக்கூடியவை என்பதால்தான் அவை தப்பின. அவற்றுக்கும் மூக்கை நீட்ட இடம் வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

டக்வீட் கணக்கு இன்னும் பயங்கரம். நல்ல சூழலில் இரண்டு மூன்று நாளில் இரட்டிக்கும். மூன்று நாள் என்றே வைத்துக்கொள்வோம். பத்தே பத்து இலையை விட்டுவைத்தால் ஒரு மாதத்தில் பத்து முறை இரட்டித்துப் பத்தாயிரத்தைத் தாண்டும். நிஜத்தில் இடமும் சத்தும் தீர்ந்து அதற்குமுன் வேகம் குறையும், ஆனால் "கொஞ்சம் இருக்கட்டுமே" என்று விட முடியாது என்பது புரியும். ஒழிப்பதென்றால் இப்படிச் செய்யுங்கள்: ஃபில்டரை நிறுத்தி, தண்ணீர் அசைவு அடங்கியதும் மெல்லிய வலையால் மேற்பரப்பை வழித்தெடுங்கள். தண்ணீர் மட்டத்தில் கண்ணாடியில் ஒட்டியிருப்பதை விரலால் கீழே இறக்கி அதையும் எடுங்கள். ஃபில்டர் வாய், மூடியின் அடிப்பக்கம், வலை, உங்கள் முழங்கை எல்லாவற்றிலும் ஒட்டியிருக்கும். தினமும் ஐந்து நிமிடம் என மூன்று வாரம் விடாமல் செய்தால் போய்விடும். ஒரு நாள் மட்டும் இரண்டு மணி நேரம் செய்தால் போகாது. பாதி அழுகிக் கிடக்கும் ஃபிராக்பிட் மிச்சம் இருந்தால் அதைத் தூக்கிவிடுங்கள். அதன் வேரில்தான் டக்வீட் ஒளிந்து திரும்பி வரும். வீட்டில் தங்கமீன் இருந்தால் எடுத்த டக்வீட்டை அதற்குப் போடலாம், விரும்பித் தின்னும். பாசிக்கொல்லி மருந்து எதையும் தொட்டியில் ஊற்றாதீர்கள். செப்பு கலந்த மருந்து இறாலைக் கொன்றுவிடும்.

தங்கமீனுக்கு டக்வீட் தீனி என்றேன். அதற்கு மற்ற செடிகளும் தீனிதான். ஃபிராக்பிட் வேரை மொட்டையடித்துவிடும். மற்றபடி மீன்களோடு இவற்றுக்கு நல்ல உறவு. வேர்க்கற்றை குஞ்சு மீன்களுக்குப் பள்ளிக்கூடம் மாதிரி, ஒளியவும் நுண்ணுயிர் தின்னவும் அங்கேயே கிடக்கும். பைட்டர் இலை ஓரத்தில் குமிழிக்கூடு கட்டும். நோய்க்காக மீனுக்கு உப்புப் போடுவதாக இருந்தால் செடியை முன்பே வாளிக்கு மாற்றிவிடுங்கள், உப்பை இவை தாங்காது.

குளத்துக்கு வருகிறேன். வெளியில் விடும்போது வரும் முதல் அடி வெயில். தொட்டி விளக்கில் வளர்ந்த செடியை உச்சி வெயிலில் விட்டால் இரண்டே நாளில் வெளுத்துவிடும். ஒரு வாரம் நிழலில், அப்புறம் காலை வெயில், பிறகு முழு வெயில் என்று பழக்குங்கள். ஆகாயத்தாமரை முழு நாளும் கடும் வெயிலில் மஞ்சளாகத்தான் நிற்கும், பாதி நிழல்தான் அதற்கு இதம். மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை மூடியிருந்தால் தண்ணீர் பச்சையாவது குறையும்; பாசிக்கு வெளிச்சமும் சத்தும் இரண்டும் கிடைக்காமல் போகும். செடி நகராமலிருக்கத் தொட்டியில் செய்த அதே வளையத்தைக் கொஞ்சம் தடித்த குழாயில் பெரிதாகச் செய்துகொள்ளலாம்.

இலை மேல் மிளகுத்தூள் தூவியது போலச் சின்னஞ்சிறு பழுப்புப் பூச்சிகள் வரும், அசுவினிதான். மருந்து அடிக்காதீர்கள், வேப்பெண்ணெய்கூட மீனுக்கு ஆகாது. செடியை வலைக்கு அடியில் நீருக்குள் சில மணி நேரம் அமுக்கி வைத்தால் பூச்சி விடுபட்டு மேலே வரும், மீன் தின்றுவிடும். சில மணி நேரம்தான். நாள் கணக்கில் அமுக்கினால் முன்பு சொன்ன கதைதான்.

கொசுவைப் பற்றி ஒரு விஷயம். குளத்தில் கப்பி மீன் விட்டால் கொசுப்புழு ஒழிந்தது என்பது பெரும்பாலான கொசுக்களுக்குச் சரி. மான்சோனியா என்ற வகை விதிவிலக்கு. மற்ற புழுக்கள் மூச்சுக்காக மேலே வரும், மீனிடம் மாட்டும். மான்சோனியா புழு ஆகாயத்தாமரை, வெங்காயத்தாமரை போன்றவற்றின் வேரைத் துளைத்து அதிலிருக்கும் காற்றையே எடுத்துக்கொள்ளும். மேலே வருவதே இல்லை. யானைக்கால் நோயின் ஒரு வகையைப் பரப்புவது இந்தக் கொசு. ஆகவே வீட்டருகே உள்ள குளத்தில் செடியை அடர்ந்து மண்டவிடாமல் அடிக்கடி கழிப்பது மீனுக்காக மட்டும் இல்லை. எனக்கென்றால் வீட்டுக் குளத்தில் ஆகாயத்தாமரைக்குப் பதில் சிறிய சால்வினியாவை விடுவேன், அதிலும் இந்தப் புழு ஒட்டலாம் என்பதால் அதையும் மண்டவிடாமல்; கூடவே நீருக்குள் வளரும் ஹார்ன்வொர்ட் செடி. ஹார்ன்வொர்ட்டுக்கு வேர் கிடையாது, அது நீருக்குள்ளேயே நிற்பதால் ஆக்சிஜனைத் தண்ணீரில் விடும். மிதவைச் செடி செய்யாத வேலையை அது செய்யும்.

மழையில் குளம் நிரம்பி வழியுமா என்று பாருங்கள். வழியும் வாயில் வலை கட்டாமல் மிதக்கும் செடி விடவே கூடாது. ஓடை, ஏரி என்று போய்ச் சேர்ந்தால் அப்புறம் யாராலும் பிடிக்க முடியாது. விக்டோரியா ஏரியில் 1980களின் இறுதியில் தலைகாட்டிய வெங்காயத்தாமரை அடுத்த பத்தாண்டில் துறைமுகங்களையே அடைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2016ல் அதன் விற்பனையையும் வளர்ப்பையும் தடை செய்தது. உங்கள் இடத்தில் எந்தச் செடிக்குத் தடை என்று வாங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள். சால்வினியாவின் கதை இன்னும் சுவையானது. களையாகப் பரவிய அதை நீண்ட காலம் வேறொரு இனம் என்று நினைத்து, அந்த இனத்தைத் தின்னும் பூச்சியைத் தேடிக்கொண்டிருந்தார்கள்; பலன் இல்லை. 1972ல் அது மொலெஸ்டா என்ற தனி இனம் என்று தெரிந்தது, பிறகு அதன் பூர்வீகமான தென்கிழக்கு பிரேசிலில் சரியான வண்டு கிடைத்தது. ஆஸ்திரேலியாவின் மூண்டாரா ஏரியில் 1980ல் அந்த வண்டை விட்டார்கள். ஓராண்டும் சில மாதமும் ஆவதற்குள் ஏரி கிட்டத்தட்டத் திறந்துவிட்டது.

அள்ளிய செடியைச் சாக்கடையிலோ நீர்நிலையிலோ போடாமல், தரையில் பரப்பிச் சருகாகும்வரை காயவிட்டு உரக்குழியில் சேருங்கள். செடியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர் என்பதால் ஒரு வாளி அள்ளினால் கடைசியில் ஒரு கைப்பிடிதான் மிஞ்சும். பூத்த வெங்காயத்தாமரையின் விதை பல ஆண்டு உயிரோடு கிடக்கும், அதை ஈரமான இடத்தில் போடவே வேண்டாம். கழிவுநீர் கலந்த இடத்திலிருந்து எடுத்த செடியை மாட்டுக்கும் கோழிக்கும் போடாதீர்கள். கன உலோகங்களை இழுத்து வைத்திருக்கும்.

இப்போதைக்கு மூன்று வாரம் டக்வீட்டை வழியுங்கள், மூடியைத் திறந்து வையுங்கள், ஃபில்டர் வாயில் ஸ்பாஞ்சு செருகுங்கள். அதுவரை புதுச் செடி எதுவும் வாங்க வேண்டாம். அப்புறம் ஐந்தாறு ஃபிராக்பிட் போதும், வாளியில் இரண்டு வாரம், பிறகு வளையத்துக்குள். இலை மேல் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட நிற்காமல் ஒரு வாரம் இருந்தால், எட்டாம் நாள் பக்கத்தில் ஒரு கன்று ஓடுதண்டில் எட்டிப் பார்க்கும்.